கொலை வழக்கில் அப்பீல் செல்லும் இடம்

வாய்க்கால் தண்ணீருக்கும் வரப்புக்கும் எழும் சச்சரவு சில வேளைகளில் கொலையில் முடிந்துவிடுவதைக் கிராமத்தார் அறிவர். வழக்கில் ஒருவர் தண்டனை பெற்றதும் அவருடைய குடும்பத்தார் யோசனை கேட்டு நாடுவது பெரும்பாலும் பஞ்சாயத்து அங்கத்தினரையே. எந்த நீதிமன்றத்துக்கு, எத்தனை நாட்களுக்குள் அப்பீல் செய்ய வேண்டும் என்பதை அவர் திட்டமாக அறிந்திருத்தல் அவசியம்.

அடிதடி போன்ற வழக்கில் மாஜிஸ்டிரேட் தண்டித்தால் அப்பீல் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குச் செல்லும். இதைப் பார்த்துப் பழகியோர் கொலை வழக்கும் அவ்வாறே என்று எண்ணிவிடுகின்றனர். கொலை வழக்கோ தொடக்கத்திலேயே செஷன்ஸ் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுவது. ஆதலால் அதன் அப்பீல் உயர் நீதிமன்றத்துக்கே உரியது. கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்படாமல், அதனினும் குறைந்த குற்றத்துக்குச் சில ஆண்டுகளே தண்டனை கிடைத்தாலும், விசாரித்தவர் செஷன்ஸ் நீதிபதியாதலால் இவ்விதி மாறாது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 374-ஆம் பிரிவில் கூறியதை, 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 415-ஆம் பிரிவில் கூறுகிறது.

நமது உயர் நீதிமன்றம் 1862-இல் சென்னையில் ஏற்பட்டது. 2004 ஜூலை 24 முதல் அதன் கிளை மதுரையில் இயங்குகிறது. திருச்சி, கரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதல் கன்னியாகுமரி வரையிலுள்ள மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. தஞ்சைக்கு அண்டையிலுள்ள திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையைச் சேர்ந்தவை.

தூக்குத் தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் இவ்விஷயத்தில் பெரிய வேற்றுமை உண்டு. செஷன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தால், வழக்குக் கட்டுகளைத் தாமே உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். அது உறுதி செய்யாமல் தண்டனையை நிறைவேற்ற இயலாது; கைதி அப்பீல் செய்யாவிட்டாலும் சாட்சியங்கள் மறுபடி ஆராயப்படும். ஆயுள் தண்டனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கைதி கேட்டாலன்றி அவருடைய வழக்கை மேலே எவரும் பார்ப்பதில்லை. ஆயுள் கைதியின் வீட்டார்தான் அதிக விழிப்புடன் இருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கெடு, தீர்ப்பு நாளிலிருந்து 60 நாட்கள். தூக்குத் தண்டனையானால் 30 நாட்கள். தீர்ப்பு நகல் பெறச் சென்ற நாட்கள் இக்கணக்கில் சேரா. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் ஒன்று இலவசமாகவே தரப்பட வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பிக் காலங்கடத்துவது விவேகமன்று.

வக்கீல் செலவுக்கென்று நன்செய் நிலத்தை அவசரமாகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. அதற்கு முன் ஒன்று அறிய வேண்டும். கைதி தமது அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ, 15100 என்ற தொலைபேசி எண்ணிலோ விண்ணப்பிக்கலாம்.

அப்பீல் கொடுத்ததனாலேயே கைதி வெளியே வந்துவிடுவதில்லை. தண்டனையை நிறுத்தி ஜாமீன் தருமாறு தனி மனு வேண்டும். அரசு வக்கீலின் ஆட்சேபத்தையும் கேட்டே அது தீர்மானிக்கப்படும்.

உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்துவிட்டால், உச்ச நீதிமன்றத்தில் அநேகமாகத் தனி அனுமதி பெற்றே வழக்காட முடியும். கீழே கிடைத்த விடுதலையை உயர் நீதிமன்றம் மாற்றித் தூக்கோ ஆயுளோ பத்தாண்டுக்குக் குறையாத சிறையோ விதித்தால் அங்கே அப்பீல் செய்வது உரிமையாகும்.

இறந்தவரின் குடும்பமும் நம் ஊர்க் குடும்பமே. செஷன்ஸ் நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தால், அவர்களும் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம். 2009 டிசம்பர் 31-க்கு முன் இவ்வுரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. அரசு மனம் வைத்தாலன்றி வழியில்லை. ஊர்க்கூட்டத்தில் ராஜி பேசிக் கொலை வழக்கை முடிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகையால் இரு தரப்பாருக்கும் பஞ்சாயத்தார் காட்டக்கூடிய வழி உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதே.