வியாபாரி வருவதற்கு முன்

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. நேற்று போனில் நீ பேசியதில் பாதி காதில் விழவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்பது மட்டும் நன்றாக விளங்கியது. உன் பெரியம்மாவும் அதையே சொல்லி ராத்திரியெல்லாம் புலம்பினாள். கோழி பாடு ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் நீ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இதைப் படி கண்ணு.

நாலு மாதச் சில்க்கிக் கோழிகளில் இரண்டுக்குக் கழுத்து திருகிவிட்டது, ஒன்று ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக் கிடக்கிறது என்றாய். வெள்ளிக்கிழமை வியாபாரி வருகிறான், சீக்கு வராததையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறான், அப்பாவும் தள்ளிவிடச் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். பண்ணை உன்னுடையது, கடனும் உன் பேரில் இருக்கிறது. முடிவு உன் கையில்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சில்க்கியை நாட்டுக்கோழிக் கணக்கில் வளர்க்க முடியாது. அதன் இறகில் இழையோடு இழை பிடித்துக்கொள்ளும் கொக்கி இல்லை, அதனால்தான் பஞ்சாக இருக்கிறது. மழை பட்டால் தண்ணீர் வழிந்து ஓடாமல் தோல் வரை ஊறும். பறக்கத் தெரியாது, பெரும்பாலும் தரையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும். இந்த ஐப்பசி மழையில் கூளம் நமத்துப்போனால் ரத்தக்கழிச்சல் தானாக வந்து சேரும். கொண்டை பெருத்த சிலவற்றுக்கு மண்டையோடு முழுக்க மூடியிருக்காது. இன்னொரு கோழி அந்த இடத்தில் கொத்தினால் மூளையில் அடிபட்டுக் கழுத்து திருகும். பி1, ஈ உயிர்ச்சத்துகள் குறைந்தாலும் திருகும். வெள்ளைக்கழிச்சலில் தப்பிப் பிழைத்ததற்கும் திருகும். ஆகவே திருகின கழுத்தை மட்டும் பார்த்து மருந்துக்கடைக்கு ஓடாதே. எச்சத்தைப் பார், தலையைத் தடவிப் பார், என்ன தீனி போட்டாய், தடுப்பூசி எப்போது போட்டாய் என்று யோசி. ரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கிற ஆம்ப்ரோலியம் பி1 சத்தைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அதையும் பி1 சொட்டு மருந்தையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடும். வைட்டமின் ஈ, செலினியம் கொடுப்பதானாலும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள். செலினியம் கூடினால் அதுவே நஞ்சு.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. சீக்குக் கோழிகளைக் கொட்டகையை விட்டுத் தள்ளி, காற்றடிக்காத இடத்தில் தனித்தனிப் பெட்டியில் வை. பழந்துணியைச் சும்மாடு மாதிரி சுற்றி அதன் நடுவில் உட்காரவைத்தால் சாய்ந்து விழாது. ஒரு மூலையில் மட்டும் பல்பு எரியட்டும், சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிடாதே, மூச்சுக்குழலில் போய்விடும். அலகை நனைத்துக் காட்டு, அது தானாகக் குடிக்கட்டும். தீவனத்தை நனைத்துக் கொஞ்சம் வெந்த மஞ்சள் கருவும் பிசைந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சிறுகச் சிறுக ஊட்டு. காலையில் இரைப்பை காலியாகவும், அடையும் நேரத்தில் நிறைந்தும் இருக்கிறதா என்று தொட்டுப் பார். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுது. சில்க்கிப் பெட்டையே ஒரு கிலோ சுமார்தான், அதில் ஐம்பது கிராம் குறைந்தாலும் பெரிது. கண்ணை மறைக்கிற கொண்டை முடியைக் கத்தரித்துவிடு. முதலில் நல்ல கோழிகளைப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் சீக்குக் கோழியிடம் போக வேண்டும். செருப்பு மாற்று, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அடிபட்டதும் சத்துக் குறைந்ததும் தேற வாரக்கணக்கில் ஆகும். நாலு நாளில் நிமிரவில்லை என்று கை விட்டுவிடாதே.

எனக்குப் பயமெல்லாம் அந்தக் கால் நீட்டிக் கிடப்பதைப் பற்றித்தான். 1907-ல் ஹங்கேரியில் மேரெக் என்கிற கால்நடை மருத்துவர் கோழிகளின் கால் முடக்கத்தைப் பற்றி எழுதினார். அந்த முடக்கத்தை அவர் பேரிலேயே மேரெக்ஸ் நோய் என்கிறார்கள். சில்க்கிக்கு இது எளிதில் தொற்றும். மருந்து கிடையாது. தேறிவிட்டது போலத் தெரிகிற கோழியும் ஆயுசுக்கும் இறகுப் பொடியில் கிருமியை உதிர்த்துக்கொண்டே இருக்கும். கொட்டகைத் தூசியில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் சாகாது. இது அந்த நோயாக இருந்தால், வியாபாரி கேட்கிற அந்த "நல்ல" கோழிகள் எதுவும் நல்ல கோழி அல்ல. அவன் அவற்றை எந்தச் சந்தையில் விற்பான், எந்தக் குழந்தை ஆசைப்பட்டு வாங்கிப் போய் எந்த வீட்டில் விடும்?

நம் கிணற்றுமேட்டு வீட்டில் அந்தப் பங்குனியில் நடந்தது உனக்குத் தெரியும். உன் அப்பா சொல்லித்தான் தெரியும், அதுதான் எனக்கு ஆறவில்லை. கோழிகள் தூங்கி விழ ஆரம்பித்த அன்றே, விடிவதற்குள் காலைக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய்க் காசாக்கிவிட்டதை அவன் இன்றைக்கும் கல்யாண வீட்டில்கூடச் சாமர்த்தியம் என்று சொல்கிறான். கரட்டு ஓரத்து ஆத்தா அந்தச் சந்தையில் நம் கோழி என்று தெரிந்து, நம்மை நம்பி ஒன்று வாங்கிப் போனதை அவன் சொல்வதில்லை. பத்து நாளில் அவள் வாசலில் ஒரு கோழி மிச்சமில்லை. முட்டை விற்ற காசில்தான் மகனுக்கு நோட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். நம் வீட்டுக்கு வந்து ஒரு சொல் கேட்கவில்லை. பிறகு நான் வேலைக்குச் சேர்ந்து, ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தடுப்பூசி போடப் போன ஊர்களிலெல்லாம் இதே கதைதான். நோய் காலை ஊன்றி நடந்து வரவில்லை அம்மிணி, சந்தைக் கூடையில்தான் வந்தது. சீக்கு வந்த இடத்துக் கோழி வாசலைத் தாண்டக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை. உன் அப்பனோடு நான் சரியாகப் பேசாத வருஷங்களுக்குக் காரணம் நிலம் என்று ஊரில் சொல்வார்கள். நிலம் இல்லை, இதுதான்.

இரண்டு வழி இருக்கிறது. வியாபாரியிடம் கொடுத்தால் இந்த மாதத் தவணை கட்டலாம், அடுத்த வருஷம் உன்னிடம் கோழி வாங்கினவர்கள் உன்னை என்ன சொல்வார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள். கொடுக்காமல் இருந்தால், கோழி ஏதாவது செத்தால் புதைத்துவிடாமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போ. ஃப்ரீசரில் உறைய வைத்துவிடாதே. அறுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒரே நேரத்தில் பல சாக ஆரம்பித்தால் எதையும் தொடாமல் உடனே ஊர் டாக்டருக்குச் சொல்.

மேரெக்ஸ் என்றே ஆனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த நோய் முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்காது. உன் கோழிகளின் முட்டையைத் துடைத்தெடுத்து வேறு இடத்தில் பொரிக்க வைத்து, பொரித்த அன்றைக்கே தடுப்பூசி போட்டு, பழைய கொட்டகைப் பக்கம் போகாமல் வளர்த்தால் இதே வம்சத்தைத் திரும்ப எடுக்கலாம். இடம் நம் வீட்டிலேயே இருக்கிறது, பின்கட்டு சும்மாதான் கிடக்கிறது. குஞ்சுத் தடுப்பூசி ஆயிரம் டோஸ் குப்பியாகத்தான் வரும், கரைத்தால் ஓரிரண்டு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். குஞ்சுப் பொரிப்பகத்தில் அவர்கள் போடுகிற நாளில் நம்முடையதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் பேசுகிறேன்.

இவ்வளவு கடுமையாக எழுதிவிட்டேன் என்று மனசு நோகாதே சாமி. வேலையை விட்டு வந்து தனியாக ஒரு பண்ணை நடத்துகிற தைரியம் நம் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. சீக்குக் கோழியோடு ராத்திரி முழுக்க உட்காருகிற பொறுமையும் உன்னைத் தவிர யாருக்கும் வராது. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமைதான். இந்த மாதத் தவணையை என் ஓய்வூதியத்தில் கட்டிவிடலாம், திருப்பிக் கொடுக்கிற பேச்சை எடுக்காதே. பெரியம்மா எள்ளுருண்டை பிடித்துவிட்டாள், பருப்புப் பொடியும் அரைத்தாயிற்று. நீ விற்றாலும் விற்காவிட்டாலும் எனக்கு மகள் நீதான். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வந்துவிடுகிறேன், வியாபாரி வந்தால் உட்காரச் சொல்.

உன் பெரியப்பா