மூன்று வாரத்தில் நடந்துவிடுவானா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. குறைமாதத்தில் பிறந்தவன். மூளை முடக்குவாதத்தால் இரண்டு கால்களிலும் இறுக்கம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பான். வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் தெரபிக்குக் கூட்டிப்போகிறோம். ஒரு தனியார் மையத்தில் மூன்று வாரம், தினமும் நான்கு மணி நேரம் தீவிரப் பயிற்சி தருகிறார்களாம். அதற்கென்று விசேஷ சூட் உண்டு, முடித்துப் போகும்போது பிடிமானம் இல்லாமல் நடப்பான் என்கிறார்கள். நகையை அடகு வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும். போகலாமா?
- ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்: நகை இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும்.

தீவிரப் பயிற்சி என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வாரம் ஐந்து நாள் என்று வைத்தாலும் மூன்று வாரத்தில் 60 மணி நேரம். நீங்கள் இப்போது போகிற கணக்கில் அது 40 வாரத் தெரபி. ஞாயிறுதோறும் மட்டும் சைக்கிள் ஓட்டிப் பழகிய பையனைவிட, பரீட்சை லீவில் பத்து நாள் விடாமல் விழுந்து எழுந்தவன் முந்திவிடுவான் அல்லவா? அதே தர்க்கம்தான்.

இதற்கு நல்ல ஆதாரம் கிடைத்திருப்பது கைகளுக்கு. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டாப், பக்கவாதம் வந்த பெரியவர்களின் நல்ல கையைக் கட்டுப்படுத்திவிட்டு, வராத கைக்கு மணிக்கணக்கில் வேலை கொடுத்தார். பிறகு ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைகளுக்கும் அந்த முறை வந்தது. பெல்ஜியத்தில் இரண்டு கைகளையும் கால்களையும் சேர்த்து, இரண்டு வாரத்தில் 90 மணி நேரம் வரை விளையாட்டாகவே பழக்குகிறார்கள். கைப்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த கட்டுரை ஒன்று, குறிப்பிட்ட ஒரு வேலையைப் பழக 14 முதல் 25 மணி நேரமும், மொத்தமாகக் கையின் திறன் கூட 30 முதல் 40 மணி நேரமும் தேவை என்றது. நடைக்கு இப்படி ஒரு கணக்கை யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த சூட் விஷயம். விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கும்போது தசை கரையாமல் இருக்க, சோவியத் விண்வெளி வீரர்களுக்காகச் செய்த எலாஸ்டிக் உடையின் வாரிசு அது. கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2011இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், தீவிரப் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நிஜ சூட்டும் மீதிப் பேருக்கு ஒப்புக்கு ஒரு சூட்டும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சூட்டுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி, உங்களுக்குக் கசக்கக்கூடிய பகுதி. இந்தப் பிள்ளைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையை 1997இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக் குழு வெளியிட்டது. வாக்கர் பிடித்து நடக்கிறான் என்பதால் உங்கள் மகன் மூன்றாம் நிலையில் இருக்கலாம். நேரில் பார்க்கும் தெரபிஸ்ட்டிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே குழு 657 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் எழுதியது: மூன்றாம் நிலைப் பிள்ளைகள் தாங்கள் எட்டக்கூடிய திறனில் 90 சதவீதத்தைச் சராசரியாக நாலு வயதுக்கு முன்பே எட்டிவிடுகிறார்கள். ஆகவே மூன்று வாரத்தில் வாக்கரைத் தூக்கிப் போடலாம் என்பது யாரும் நேர்மையாகத் தரக்கூடிய வாக்குறுதி அல்ல.

அதற்காக, கற்றுக்கொள்ள இனி எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே வாக்கரோடு அவன் செய்யக்கூடியவை ஏராளம். என்னிடம் வந்த ஒரு பையனிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நடக்க வேண்டும் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். "ஸ்கூல்ல குழாயடிக்கு நானே போய்த் தண்ணி பிடிக்கணும்" என்றான். ஆயாம்மா பிடித்துக் கொடுப்பது அவனுக்கு மானப் பிரச்சினை! வாக்கரிலிருந்து ஒரு கையை எடுப்பது, இடுப்பைச் சாய்த்து நிற்பது, குழாயைத் திருகுவது என்று பிரித்துக்கொண்டு, பள்ளிக் குழாயடியிலேயே தினமும் பழக்கினோம். டம்ளர் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணவில்லை. மூன்றாவது வாரம் எனக்கே ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தான்.

அந்த மையத்துக்குப் போய் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். நான்கு மணி நேரத்தில் பிள்ளை தானாக எவ்வளவு நேரம் அசைகிறான், தெரபிஸ்ட் அவன் காலைப் பிடித்து இழுத்து நீட்டுவது எவ்வளவு நேரம்? நீட்டிவிடுவதுதான் அதிகம் என்றால், உழைப்பது தெரபிஸ்ட்டின் மூளை, உங்கள் மகனுடையது அல்ல. வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பஸ் ஏறிவிடுங்கள். எங்கே போவதானாலும், இடுப்பு எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. தொடக்கத்தில் வலியே தெரியாது.

செலவில்லாத வழி ஒன்று. காலாண்டு விடுமுறையை ஒட்டி இரண்டு வாரம் ஒதுக்குங்கள். இப்போதுள்ள தெரபிஸ்ட்டோடு பேசி ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். கழிப்பறைக்குத் தானே போய் உட்காருவது, ஆட்டோவில் ஏறுவது, எதுவானாலும் சரி. தினமும் ஒன்றரை மணி நேரத்தை மூன்று துண்டாகப் பிரித்துப் பழக்கினால் 21 மணி நேரம் ஆகிவிடும். உங்கள் மாவட்டத்துக்கான அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் இலவசமாகப் பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறீர்களா? ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அதில் தெரபிச் செலவுக்கும் ஓரளவு இடமுண்டு.

கேள்வி: தெரபி முழுக்க என் மகள் அழுகிறாள். அழுதால்தான் பலன் என்கிறார்களே?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: இல்லை. சோம்பல் சிணுங்கல் வேறு, வலி அழுகை வேறு. இரண்டையும் பிரித்தறிய உங்களைவிடச் சரியான ஆள் கிடையாது. வலி என்று பட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்த மறுக்கிற இடத்துக்கு அடுத்த வாரம் போகாதீர்கள்.