அக்னி வெயிலில் மருந்து அறை: பட்டாசு வேலைக்குப் புதிதாகப் போகும் இளையோர் கவனத்துக்கு

தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கிவிட்டது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் விடிந்தும் விடியாததுமாகப் பட்டாசு ஆலை வேன்கள் வந்து நிற்கின்றன. தூக்குச்சட்டியோடு அம்மாவும் சித்தியும் ஏறும்போது, "ரெண்டு மாசம் போனா காலேஜ் பீஸுக்கு ஆகும்" என்று கல்லூரியில் சேரப்போகும் பிள்ளையும் கூடவே ஏறிக்கொள்ளும் காலம் இது. வீட்டு நிலைமை தெரிந்த பிள்ளைகள்தாம் இப்படிப் புறப்படுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், பல ஆண்டு பழகியவர்களே அஞ்சி நடக்கும் மாதங்களில், பழகாத கைகள் வெடிமருந்துக்குப் பக்கத்தில் போகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

2024 மே 9. அக்னி நட்சத்திர நாட்கள். சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் அன்றே எட்டுப் பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரி 17 அன்று, வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் பத்து உயிர்கள் போயின. ஊர்ப் பெயரும் தேதியும்தான் மாறுகின்றன. நாளிதழ்களில் வரும் காரணம் பெரும்பாலும் "உராய்வு" என்ற ஒரே சொல்.

உராய்வுக்கு முன்னால் நடப்பது

உராய்வு கடைசியில் வருவது. அதற்கு முன்பே பல தவறுகள் நடந்து முடிந்திருக்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது பட்டாசு ஆலைகளின் அடிப்படை விதி. மருந்து கலக்கும் அறையில் இன்னும் குறைவு. அன்றைக்குத் தேவையான அளவுக்கு மேல் மருந்து அறைக்குள் இருக்கக் கூடாது. வேலை அறையில்தான் நடக்க வேண்டும். மரத்தடியிலோ நடைபாதையிலோ நடக்கக் கூடாது. பீஸ் ரேட் கூலியில் எண்ணிக்கை ஏறினால்தான் காசு. ஆகவே ஆள் கூடுகிறது, மருந்து கூடுகிறது, கை வேகமெடுக்கிறது. ஆலையை உரிமம் பெற்றவர் நடத்தாமல், அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டுவிட்டால் இந்த ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவும் ஆள் இருக்காது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் கருவுற்றிருந்த ஓர் இளம்பெண்ணும் அவர்களில் இருந்தார்கள். படிப்புச் செலவுக்காக வேலைக்குப் போகும் இளையோரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வர வேண்டும்.

வெயில் என்ன செய்கிறது?

வெடிமருந்துக் கலவையில் எரியும் பொருளும், எரிய உதவும் ஆக்சிஜனும் சேர்ந்தே இருக்கின்றன. அலுமினியப் பொடியும் கந்தகமும் எரிபவை. வெடியுப்பு ஆக்சிஜனைக் கொடுக்கிறது. தீப்பிடிக்க வெளிக்காற்று தேவையில்லை, சிறு தூண்டுதல் போதும். வெயிலில் சூடேறிய மருந்துக்கு அந்தத் தூண்டுதல் இன்னும் சிறிதாக இருந்தாலே போதுமானது.

காற்றில் ஈரப்பதம் குறையும்போது உடம்பிலும் துணியிலும் நிலைமின்சாரம் தேங்குகிறது. பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று கேட்கும் அதே மின்சாரம்தான். வீட்டில் அது வேடிக்கை. பொடி பறக்கும் அறையில் அதன் ஒரு பொறி போதும்.

மூன்றாவது, ஈரம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் நீர் பட்டால் மெல்லச் சூடு ஏறும், ஹைட்ரஜன் வாயு வெளியாகும். நெற்றி வியர்வை சொட்டுவதும், திடீர்க் கோடை மழையில் மருந்து நனைவதும், கலந்த மருந்தை மறுநாளுக்கென்று வைத்துவிட்டுப் போவதும் ஆபத்தாவது இதனால்தான். பேன்சி ரகங்களுக்காக மணி மணியாக உருட்டிய மருந்தை உலர்த்துகிறவர்கள் மேகத்தின் மேல் ஒரு கண் வைத்தபடிதான் வேலை செய்ய வேண்டும்.

பதினெட்டு நிறையாதவர்கள்

இவர்களுக்கு ஒரே ஆலோசனைதான்: போக வேண்டாம், அனுப்ப வேண்டாம். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களையும் வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் சார்ந்த வேலைகளில் வைக்கக் கூடாது. மீறி வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் பதினெட்டு நிறைந்தவர்களையே அனுமதிக்கின்றன.

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் சிறுவர்கள் இருந்ததை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வளவு தூரம் போராடி வெளியே கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் இடத்தில், விடுமுறை என்ற பெயரில் வேறு பிள்ளைகள் போய் உட்காரக் கூடாது. வீட்டுக்குள் பட்டாசுக்கான கருந்திரி தயாரிப்பதும் இதே கணக்குதான். அது உரிமமற்ற வெடிபொருள் வேலை. அடுப்பும் குழந்தையும் இருக்கும் கூரைக்குக் கீழே அது வரவே கூடாது.

படிப்புச் செலவுதான் காரணம் என்றால், பள்ளியிலோ கல்லூரியிலோ இன்றே விசாரிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன.

"பாக்ஸ் போடுற வேலைதானே?"

மருந்தைத் தொடாத வேலை என்று நம்பித்தான் பல வீடுகளில் பிள்ளைகளை பேக்கிங்குக்கு அனுப்புகிறார்கள். 2023 அக்டோபர் 17 அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் நடந்தது அந்த நம்பிக்கையைக் குலைத்துவிட்டது. பட்டாசை வெடித்துப் பார்த்தபோது தெறித்த பொறி அருகிலிருந்த சரக்கில் விழுந்தது. வெளியேற முடியாமல் பதின்மூன்று பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் பெண்கள்.

ஆகவே பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் வாசலைப் பார்க்க வேண்டும். தப்பிக்க இரண்டு வழிகளாவது உண்டா? அட்டைப்பெட்டிகள் வழியை அடைத்திருக்கின்றனவா? கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? அருகில் யாராவது பட்டாசை வெடித்துக் காட்டத் தொடங்கினால் அந்த நொடியே எழுந்து வெளியே வந்துவிட வேண்டும்.

பதினெட்டு நிறைந்தவர்கள் செய்ய வேண்டியவை

சேரும் நாளிலேயே வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா, இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று கேட்க வேண்டும். ஆலைக்கு இருப்பது மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் உரிமமா, சென்னை உரிமமா, மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தந்த உரிமமா என்று கேட்பதிலும் தவறில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவர், விபத்து நடந்தபின் தாம் அங்கே வேலை பார்த்ததையே நிரூபிக்க வேண்டியிருக்கும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை சிவகாசியில் நடத்தும் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பும்படி போர்மேனிடம் கேட்கலாம்.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். செல்போன், தீப்பெட்டி, பீடி, வளையல், கொண்டை ஊசி எல்லாம் வெளியிலேயே நிற்க வேண்டும். ஆணி அடித்த செருப்போடு உள்ளே போகக் கூடாது. அறை வாசலில் இருக்கும் செம்புத் தகட்டை ஒவ்வொரு முறை நுழையும்போதும் கையால் தொட வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். தகடு இல்லையென்றால் கேட்டு வைக்கச் சொல்ல வேண்டும்.

உள்ளே இரும்புக் கருவி எதுவும் கூடாது; மரமும் பித்தளையும்தான். பெட்டியையும் தட்டையும் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். மருந்தில் மணலோ சிறு கல்லோ கலந்தால் அதுவே உராய்வுக்குக் காரணமாகும். சிந்திய மருந்தை அப்போதைக்கப்போது அகற்றி, ஆலை ஒதுக்கிய இடத்தில் சேர்க்க வேண்டும்.

மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும். கலந்த மருந்து மாலையில் மிச்சம் இருக்கக் கூடாது. இடி கேட்டதும் மருந்து இருக்கும் அறையை விட்டு வெளியேற வேண்டும். எண்ணி முடிக்காத நூறு வெடி கிடந்தால் கிடக்கட்டும். தலைசுற்றல் வந்தால் உடனே நிழலுக்கு வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். மயங்கி விழுகிறவர் கையில் இருப்பது மருந்துத் தட்டு.

தீப்பிடித்தால்

எதையும் எடுக்க நிற்காமல் ஓட வேண்டும். மருந்து அறைகளை விட்டு விலகி, திறந்த வெளிக்கு. எரியும் அலுமினியப் பொடியில் தண்ணீர் ஊற்றினால் தீ சீறும், அதற்கு மணல்தான். பழகாதவர்கள் அதையும் முயலாமல் விலகுவதே நல்லது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. புகையைப் பார்த்து உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த ஊர்க்காரர்கள், அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். எனவே வெடிச்சத்தம் கேட்டால் ஊர் இளைஞர்கள் ஆலையை நோக்கி ஓடக் கூடாது; 101-க்கும் 108-க்கும் அழைத்துவிட்டு, தீயணைப்பு வண்டிக்குப் பாதை ஒதுக்கித் தந்தால் அதுவே பெரிய உதவி.

துணியில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் விழுந்து உருள வேண்டும். தீக்காயத்தின் மேல் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஓடவிட வேண்டும். ஐஸ், பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். மோதிரத்தையும் வளையலையும் வீங்கும் முன் கழற்றிவிட்டு, தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

போர்மேன்களுக்கும் பெற்றோருக்கும்

புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் பீஸ் ரேட் வேண்டாம். நாள் கூலி கொடுங்கள். எண்ணிக்கைக் கவலை இல்லாதபோதுதான் கை நிதானம் கற்கும். ஐந்தாவது ஆளாக ஓர் அறைக்குள் அவரை உட்கார வைக்காதீர்கள். "இது சரியில்லை" என்று அவர் எழுந்து வெளியே வந்தால் கூலியைப் பிடிக்காதீர்கள்.

பெற்றோரே, நாளைக் காலை வேன் வருவதற்குள் உங்கள் பிள்ளையின் வயதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். பதினெட்டு நிறையவில்லையென்றால் வேனை அனுப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏறுவதைப் பார்த்தால் அந்த அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். பேசியும் பயனில்லையென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது, அதற்கு அழையுங்கள்.