கணினித் திரை சிமிட்டினால்

 

தவணைக் கடனை எழுதி வைக்க வேண்டுமென்பது திருக்குர்ஆன் 2-ஆம் அத்தியாயம், 282-ஆம் வசனத்தின் கட்டளை. அக்கணக்கை இன்று நம்மில் பலர் கணினியில் வைத்திருக்கிறோம். பிறர் பாக்கி நம்மிடமுள்ள அமானிதம். ஆகவே, திரை சிமிட்டத் தொடங்கியதும் முதற்காரியமாகப் பற்றுவரவுக் கணக்கைப் பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சோதனையெல்லாம் அதன் பிறகே.

முதலாவது: மேசைக் கணினியின் திரையிலுள்ள பொத்தானை அமுக்கினால் அத்திரையின் சொந்தப் பட்டியல் தோன்றும். அதுவும் சேர்ந்து சிமிட்டினால், கோளாறு திரையில் அல்லது அதற்கு வரும் மின்சாரத்தில் இருக்கும். ஐஸ்பெட்டி மோட்டார் ஓடத் தொடங்கும்போது மட்டும் சிமிட்டுகிறதா? 230 வோல்ட் மின்சாரம் அக்கணம் தாழ்கிறது. கணினிக்குத் தனிப் பிளக் கொடுங்கள்.

இரண்டாவது: பட்டியல் அசையாமல் நிற்க, பின்னுள்ள படம் மட்டும் சிமிட்டினால் கேபிளைக் கவனியுங்கள். சுவிட்சை அணைத்து, இரு முனைகளையும் கழற்றி இறுகச் செருகுங்கள். பாகான் டத்தோ கடலோர ஊர். உப்புக் காற்றில் முனைகள் களிம்பேறும். வேறு கேபிள் மாட்டியும் பாருங்கள்.

மூன்றாவது: அப்படியும் தீராவிட்டால், விண்டோஸ் 10, 11 கணினிகளில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதுவும் சிமிட்டினால், திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அது மட்டும் நிலையாக நின்றால், ஏதோவொரு செயலியே காரணமாகலாம். அண்மையில் ஏற்றியதை நீக்கிப் பாருங்கள்.

பழைய குழாய்த் திரையை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். அணைத்த பின்னும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பின் பழுது பார்ப்பவரை அழையுங்கள். கேபிளின் குற்றத்திற்குப் புதுத் திரை வாங்கும் வீண்செலவு, இன்ஷா அல்லாஹ், நேராது.