துப்பறியும் நாவல்கள்: ஒரு வாசிப்புப் பாடம்



சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் அது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு பாக்கெட் நாவல் அகப்பட்டது. தாத்தா வீட்டுப் பரணில் கட்டி வைத்திருந்த பழைய புத்தகங்களிலிருந்து உருவி எடுத்திருக்கிறாள். அட்டையில் ஒரு கத்தி. கூந்தல் கலைந்து தரையில் கிடக்கும் ஒரு பெண். மறுநாளே அவளுடைய அம்மா அந்தப் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார்கள்.

"டீச்சர், இதெல்லாம் படிச்சா புள்ளை கெட்டுப் போவாளா, மாட்டாளா? நீங்களே சொல்லுங்க."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கெட்டுப் போவாள் என்றால் அது பொய்; நானும் அந்த வயதில் ஒளித்து வைத்துப் படித்தவள்தான். மாட்டாள் என்றால் காரணம் சொல்ல வேண்டும். என்னிடம் காரணம் இல்லை. "ஆண்டுத் தேர்வுக்குள் சொல்கிறேன் அம்மா" என்று தவணை கேட்டேன். அருகிலிருந்த தலைமையாசிரியை அருட்சகோதரி, "படித்துப் பார்த்துவிட்டே சொல்லுங்கள், நூலகத்தில் ஒரு தட்டு காலியாகத்தான் இருக்கிறது" என்றார்கள்.

அப்படித் தொடங்கியதுதான் என் பட்டியல். தமிழில் பெயர் பெற்ற மர்ம நாவல்கள் பதினெட்டைக் கால வரிசையில் எழுதிக்கொண்டேன். என் வீடு பொத்தேரியில். காலையில் மின்சார ரயிலில் ஏறினால் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் கடந்து தாம்பரம் வருவதற்குள் ஓர் அத்தியாயம் முடியும். மாலையில் இன்னொன்று. உட்கார இடம் கிடைக்காத நாளில் அரை அத்தியாயம். அந்த மாணவியும் தன் அம்மாவின் சம்மதத்தோடு, சனி ஞாயிறுகளில் மட்டும், அதே பட்டியலைப் படித்தாள்.

வெறுமனே படித்துக்கொண்டு போனால் தீர்ப்புச் சொல்ல முடியாது அல்லவா? ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அதை ஒரு குருவானவரே செய்து வைத்திருக்கிறார்! இங்கிலாந்தின் ரொனால்ட் நாக்ஸ் அடிகளார் இலத்தீன் விவிலியத்தை ஆங்கிலத்தில் தனியொருவராக மொழிபெயர்த்த அறிஞர். துப்பறியும் நாவல்களும் எழுதினார். 1929-இல் அவர் இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே நமக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும். பேய், பிசாசு, மந்திரம் ஆகியவற்றால் மர்மம் அவிழக் கூடாது. தற்செயல் நிகழ்ச்சி எதுவும் துப்பறிபவருக்கு உதவக் கூடாது. அவர் கண்ட தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும். இரட்டைப் பிறவியர் திடீரென்று முளைக்கக் கூடாது. இவை அவற்றுள் முக்கியமானவை. எழுத்தாளர் நம்மை ஏமாற்றலாம், ஆனால் நேர்மையாக ஏமாற்ற வேண்டும் என்பதே சாரம்.

இந்த விதிகளைக் கொண்டு நாங்கள் ஒரு பயிற்சி செய்தோம். நாவலில் முக்கால் பங்கு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். குற்றவாளி யார், ஏன், எந்தப் பக்கத்துத் தடயத்தால் அப்படி நினைக்கிறோம் என்று நோட்டில் எழுத வேண்டும். அதன் பிறகே மீதியைப் படிக்கலாம். ஆரம்பத்தில் கடினம்தான். கை தானாகவே கடைசிப் பக்கத்துக்குப் போகும்! ஆனால் இரண்டு மூன்று நூல்களுக்குப் பிறகு, முன்பு விழுங்கிவிட்டுப் போன வரிகள் கண்ணில் படத் தொடங்கின. இன்னார் எத்தனை மணிக்கு வந்தார், கதவு உள்ளே தாழிட்டிருந்ததா, இதைச் சொன்னவர் தாமே பார்த்தாரா அல்லது கேள்விப்பட்டாரா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே படித்தோம். இலக்கண வகுப்பில் நான் எவ்வளவு சொல்லியும் வராத கவனம் இது என்பதைச் சற்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். இக்கதை வகையை 1841-இல் எட்கர் ஆலன் போ அமெரிக்காவில் தொடங்கினார் என்பர். 1887-இல் ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றினார். தமிழ் அதிகம் பின்தங்கிவிடவில்லை. நாட்டார் கதைகளைத் தொகுத்த பண்டித நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்ற போலீஸ் நிபுணரின் கதையை 1894-இலேயே வெளியிட்டார். அடுத்து வந்த ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் கதைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் சூட்டி ஏராளமாக எழுதிக் குவித்தார். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இல் வந்து பல பதிப்புகள் கண்டது. பின்னர் திரைப்படமும் ஆயிற்று. அதில் துப்பறிபவர் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரை உங்கள் பாட்டிமார் கேட்டால் உடனே அடையாளம் சொல்வார்கள். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் எம்.என். நம்பியார் பல வேடங்களில் நடித்து அவரைப் பிரபலமாக்கினார்.

நாக்ஸ் அடிகளாரின் தராசில் நிறுத்தால் இந்த முன்னோர்கள் பலமுறை தோற்பார்கள். தற்செயலாகச் சந்திக்கிறார்கள், மாறுவேடம் போடுகிறார்கள், கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் நீண்ட அறிவுரை சொல்கிறார். ஆனால் அந்த அறிவுரையைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். பெண்ணின் விருப்பத்தைக் கேளாத திருமணம், பணத்துக்காக அவளை வயதானவருக்குக் கொடுக்க நினைப்பது போன்ற கொடுமைகள் அந்த மர்மங்களின் அடியில் இருக்கின்றன. குற்றம் இருட்டுச் சந்தில் மட்டும் நடப்பதில்லை, கூடத்திலும் நடக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: நாவல் படித்தால் பெண்கள் கெட்டுவிடுவார்கள் என்று அந்நாளிலேயே பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. நம் மாணவியின் அம்மா கேட்ட கேள்விக்கு வயது நூறுக்கு மேல்!

அந்தக் கண்டனத்துக்கெல்லாம் செவி சாய்க்காதவர் ஒருவர் உண்டு. 1901-இல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்து வயதிலேயே திருமணம் நடந்துவிட்டது. பள்ளிக்குச் சென்றதில்லை. முதல் நூலான நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். அதன் பின்னரே தாமாக எழுதப் பழகினார். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, அதில் 'வைதேகி' என்ற நாவலைத் தொடராக எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவற்றுள் துப்பறியும் கதைகளும் உண்டு. விடுதலைப் போரில் சிறைக்கும் சென்றார். இவர் நூல்களில் எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் முதல் எட்டுப் பக்கம் இல்லாத பிரதி.

பட்டியலில் எங்களுக்கு மிகவும் பிடித்தவர் தேவன். அவருடைய துப்பறியும் சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா, மூளை மந்தம். எதையோ நினைத்து எங்கோ மோதி விழுவார். விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான். தற்செயல் உதவக் கூடாது என்ற விதியைப் பக்கத்துக்குப் பக்கம் மீறுவதுதான் அந்தக் கதைகளின் நகைச்சுவையே. விதி தெரிந்தவளுக்குச் சிரிப்பு இரட்டிப்பாகிறது. அதே ஆசிரியரின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' முற்றிலும் வேறு வகை. நீதிமன்றத்தில் கொலை வழக்கு நடக்கிறது. சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற, நாம் எதிரே உட்கார்ந்து கேட்கிறோம். எதுவும் மறைக்கப்படுவதில்லை. எங்கள் நோட்டில் அதிகப் பக்கங்களை நிரப்பிய நூல் அதுதான். நான் எழுதிய பெயர் தவறு. அவள் எழுதியது சரி.

தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தி யோசிப்பவர், வெளிநாடெல்லாம் சுற்றி வருபவர். எளிய தமிழுக்காகவே கீழ் வகுப்பினர் படிக்கலாம், தடயத்துக்காக அல்ல. சுஜாதா பொறியாளர். அவருடைய 'கொலையுதிர் காலம்' பேயா, விஞ்ஞானமா என்ற கேள்வியிலேயே நம்மை நிறுத்தி வைக்கிறது. மதுரை இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024) அமானுஷ்யத்தைத் துணிந்து உள்ளே அழைத்து வந்தவர். நாக்ஸ் அடிகளார் முகம் சுளித்திருப்பார். தொலைக்காட்சியில் 'மர்மதேசம்' பார்த்த உங்கள் பெற்றோர் சுளிக்கவில்லை. கோவையின் ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் எழுதியிருக்கிறார். அவற்றில் நான் படித்தது கைவிரல் எண்ணிக்கைதான். ஆகவே தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் தோரணமாகத் தொங்கிய மாத நாவல்கள் சிலவற்றையும் படித்தோம். ஒரே மூச்சில் ஓடுகின்றன. ஆனால் மூன்று நூல்களில் கடைசி அத்தியாயத்தில்தான் குற்றவாளியே நுழைகிறான். இதை நான் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த மாணவி ஒன்று கேட்டாள்:

"டீச்சர், இந்த அஞ்சு புத்தகத்துலயும் முதல் பக்கத்துலயே ஒரு பொண்ணு செத்துப் போறா. அவ என்ன படிச்சா, யாரோட சிநேகிதி, எதுக்குச் சிரிப்பா, ஒண்ணுமே இல்லையே?"

திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். ஒன்றில் அந்தப் பெண்ணின் புடவை நிறம் இருக்கிறது; பெயர் ஆறாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. கொலை ஒரு புதிர், அவள் அப்புதிரின் ஒரு துண்டு, அவ்வளவே. பத்து விதிகளுள் எதிலும் இறந்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை! ஆகவே நாங்கள் பதினோராவது விதி ஒன்றை நோட்டின் பின்னட்டையில் எழுதினோம்: இறந்தவளுக்கும் ஒரு வாழ்க்கை இருந்திருக்க வேண்டும். இந்த விதிப்படி மீண்டும் நிறுத்தபோது பட்டியல் தலைகீழாக மாறியது. மாத நாவல்கள் பல விழுந்தன. பழைய ரங்கராஜு எழுந்தார். சுஜாதாவின் 'நைலான் கயிறு' மேலே ஏறியது. அதில் இறந்துபோன பெண்ணின் நாட்குறிப்பு கதைக்கு நடுவே நம்மோடு பேசுகிறது.

மேல்நாட்டு நூல்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றியவர். நஞ்சுகளைப் பற்றிய அறிவு அங்கே கிடைத்தது. 1926-இல் வந்த அவருடைய ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதை நேர்மையானதா என்று வாசகர்கள் சண்டையிட்டார்கள். நாங்களும் சண்டையிட்டோம். முடிவைச் சொல்லமாட்டேன். மற்றொன்று செஸ்டர்டனின் பிரவுன் அடிகளார் கதைகள், முதல் தொகுதி 1911-இல் வந்தது. குள்ள உருவம், பெரிய குடை, அப்பாவி முகம். முதல் கதையில் அவரிடம் அகப்பட்ட திருடன் வியக்கிறான், இத்தனை திருட்டுத்தனமும் இந்தச் சாமியாருக்கு எப்படித் தெரியும் என்று. ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து மனிதரின் பாவங்களைக் கேட்டுக்கொண்டே இருப்பவருக்குத் தீமை தெரியாமலா போகும் என்கிறார் அடிகளார்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "அவர் சாமியார் டீச்சர், இவளுக்கு வயசு பதினஞ்சு" என்றார்கள். நியாயமான மறுப்புதான். ஆகவே நோட்டையே எடுத்துக் கொடுத்தேன். தம் மகள் எழுதியிருந்த பக்கங்களை நின்றுகொண்டே நெடுநேரம் புரட்டினார்கள். பின்னட்டைக்கு வந்ததும் உட்கார்ந்தார்கள். "அட்டைதான் டீச்சர் எனக்கு ஆகல. அந்தப் பொண்ணு கிடக்கிற மாதிரி" என்று மெதுவாகச் சொன்னார்கள். தாயும் மகளும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்குத்தான் வந்திருந்தார்கள் போலும். அன்று போகும்போது 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' கேட்டு வாங்கிச் சென்றார்கள்.

இப்போது நூலகத்தின் அந்தத் தட்டில் ஒன்பது நூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முக்கால் பங்கிலும் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். அங்கே நிறுத்தி எழுத வேண்டும். முடிவைத் தோழியரிடம் சொல்லித் திரிபவருக்கு ஒரு வாரம் புத்தகம் கிடையாது. என் பட்டியலில் நான்கு நூல்கள் இன்னும் பாக்கி, மூன்று வை.மு. கோதைநாயகி அம்மாளுடையவை. பெற்றோர் எவர் வீட்டுப் பரணிலாவது அவையோ பழைய 'ஜகன்மோகினி' இதழ்களோ இருந்தால் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துதவ வேண்டுகிறேன். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. முதல் எட்டுப் பக்கம் இருந்தால் போதும்.