ரோமா: திரையிலும் கடலிலும்

இணையவழிக் கடற்போர் விளையாட்டுகளுள் ‘வோர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்’ பலரும் அறிந்த ஒன்றாகும். உலகப் போர்க் காலக் கப்பல்கள் பல அதில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று இத்தாலியின் ‘ரோமா’.

உம்பெர்த்தோ புலியேசே என்னும் பொறியாளர் வடிவமைத்த லித்தோரியோ வகைக் கப்பல்களுள் ரோமாவும் ஒன்று. இக்கப்பல் 1942ஆம் ஆண்டு ஜூன் மாதம் கடற்படையில் இணைந்தது. மணிக்கு ஏறத்தாழ 30 கடல் மைல் வேகத்தில் செல்லும் ஆற்றல் இதற்கு இருந்தது. இதன் மூன்று சுழல்மேடைகளில் மும்மூன்றாக 9 பெரிய பீரங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. 381 மில்லிமீட்டர் விட்டமுள்ள அவற்றின் குண்டுகள் 40 கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழக்கூடியவை. எனினும், குண்டுகள் மிகுந்த வேகத்தில் பாய்ந்ததால் பீரங்கிக் குழாய்கள் விரைவில் தேய்ந்தன. இவ்வகைக் கப்பல்களின் குண்டுகள் இலக்கைச் சுற்றிச் சிதறி விழுவதும் பெருங்குறையாக இருந்தது.

இந்த நிறை குறைகளை விளையாட்டும் காட்டுகிறது. அதிலும் ரோமாவின் குண்டுகள் விரைந்து பாய்கின்றன. ஆனால், பல வேளைகளில் இலக்கைத் தவறவிடுகின்றன.

விளையாட்டு காட்டாதவையும் உண்டு. திரையில் எரிபொருள் தீர்வதே இல்லை. உண்மையில், எரிபொருள் பற்றாக்குறையால் இத்தாலியின் பெரிய கப்பல்கள் துறைமுகத்திலேயே முடங்கிக் கிடந்தன. ரோமாவின் பெரும் பீரங்கிகள் எதிரிக் கப்பல் எதையும் நோக்கி ஒருமுறைகூடச் சுடவில்லை.

அக்கப்பலின் முடிவும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நீருக்கடியில் பாய்ந்து வரும் டோர்பிடோ தாக்குதலைத் தாங்குவதற்காகப் புலியேசே கப்பலின் பக்கங்களில் பெரிய உருளைகளை அமைத்திருந்தார். வெடிப்பின் விசையால் உருளை நசுங்கும். கப்பலின் உட்பகுதி காக்கப்படும். ஆனால், ஆபத்து வானிலிருந்து வந்தது. 1943 செப்டம்பர் 8ஆம் நாள் இத்தாலி நேச நாடுகளுடன் செய்துகொண்ட போர் நிறுத்த உடன்பாடு அறிவிக்கப்பட்டது. மறுநாளே, அதுவரை நட்பு நாடாக இருந்த ஜெர்மனியின் விமானங்கள் ரோமாவைத் தாக்கின. வானொலி அலைகளால் வழிநடத்தப்பட்ட இரண்டு குண்டுகள் அதன் மேல் விழுந்தன. கப்பல் வெடித்து மூழ்கியது. தளபதி கார்லோ பெர்காமினி உட்பட 1,200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

விளையாட்டில் மூழ்கிய ரோமா அடுத்த ஆட்டத்தில் மீண்டும் புறப்படும். உண்மையான ரோமாவின் சிதைவுகளோ, 2012ஆம் ஆண்டில் சார்டினியா தீவுக்கு அருகே கடலின் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு கப்பலின் வேகத்தையும் வலிமையையும் எண்களால் திரையில் காட்டிவிடலாம். அதில் பயணம் செய்த மனிதர்களைப் பற்றி அறிய வரலாற்றைத்தான் நாட வேண்டும்.