பூரணப் பணியாரம்

பண்டிகைக்குப் பூரணம் பொதிந்த இனிப்புச் செய்தல் பல நாட்டிலும் உள்ள வழக்கமாகும். இத்தாலியைச் சார்ந்த சிசிலித் தீவினர் கிறிஸ்துமஸ் விழாவிற்கு அத்திப்பழப் பூரணம் வைத்துப் பணியாரம் செய்வர். மதுரை மக்கள் தீபாவளிக்குச் சோமாசி செய்வர்.

மைதா மாவை வட்டமாகத் தேய்த்து, பொட்டுக்கடலைப் பொடியும் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் கலந்த பூரணத்தை உள்ளிட்டு, பிறைபோல் மடித்து, எண்ணெயிற் பொரிப்பர். விளிம்பு சிறிது பிரியினும் பூரணம் சிதறி, எண்ணெய் முழுதும் கெடும். ஆதலின், விளிம்பு ஒட்டும் பணியைப் பெரும்பாலும் கைதேர்ந்த மூத்தோரே மேற்கொள்வர்.

மதுரைக்காஞ்சி என்னும் சங்க நூல், இந்நகரில் பூரணம் வைத்த மோதகம் விற்ற வணிகரைக் காட்டுகிறது. நள்ளிரவில் அவர்கள் தம் பண்டங்களோடு இருந்தவாறே உறங்கினராம். இனிப்பை மட்டும் கூறாது, அதனை விற்றவரின் அயர்வையும் அந்நூல் கூறிற்று. மாணவர்களே! பண்டிகைப் பணியாரம் உண்ணும்பொழுது, அடுப்பருகே உழைத்த கைகளை நீங்களும் நினைத்துப் பாருங்கள்.